விளக்கு நம் அறையில், மானியம் யார் பெயரில்?

ஏழைக் குடும்பங்களின் மின்கட்டணச் சுமையை அரசே ஏற்கிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். தேர்தல் நெருங்கினால் அந்தப் பேச்சு இன்னும் ஓங்கி ஒலிக்கிறது. டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். கர்நாடகத்தில் 200 யூனிட். பஞ்சாபில் 300 யூனிட். நம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். காஸ் சிலிண்டருக்கு மத்திய அரசின் மானியம் வேறு. கேட்கும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பிழைப்புத் தேடி இந்த நகரங்களுக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் படுக்கையுமாகக் குடித்தனம் நடத்தும் நம் தாய்மார்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கரண்ட் இலவசம் என்றால், மாதா மாதம் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று எழுதி வாங்கிப் போகிறாரே, அது எந்தக் கணக்கு?"

நியாயமான கேள்வி. சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. அங்கே எழவில்லை. ஆகவே இங்கே எழுப்புகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசு உதவி தருகிறது என்பது பொய்யில்லை. ஆனால் அந்த உதவி மீட்டரைத் தேடிப் போகிறது. மீட்டருக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம் இருக்கும் குடும்பத்தைத் தேடி வருவதில்லை. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே மானியம். நம் பெயரில் மீட்டர் இல்லை. கோளாறு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இந்தத் திட்டங்கள் வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1988-89-ல் மத்திய அரசு குடீர் ஜோதி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு விளக்கு இணைப்பு என்பது அதன் நோக்கம். 2005-ல் ராஜீவ் காந்தி பெயரில் கிராம மின்மயத் திட்டம் வந்தது. 2017-ல் சௌபாக்யா வந்தது. இவையெல்லாம் கம்பி இழுத்து, வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் திட்டங்கள். அதன்பின், வருகிற பில்லையே அரசு ஏற்கும் காலம் வந்தது. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் 100 யூனிட் சலுகை அறிவிக்கப்பட்டது. டெல்லியில் 2019 ஆகஸ்டில் 200 யூனிட் வரை பில்லே இல்லை என்றார்கள். பஞ்சாபில் 2022 ஜூலையில் 300 யூனிட் வந்தது. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் கிருஹ ஜோதி தொடங்கியது. டெல்லியில் 2025-ல் ஆட்சி மாறிய பிறகும் மானியம் நின்றுவிடவில்லை.

இத்தனை திட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றே: ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு மீட்டர். கிராமத்தில் அது பொருந்தும். அங்கே தனித்தனி வீடு, தனித்தனி மீட்டர். நகரத்தில் நாம் வாழும் வாழ்க்கை அப்படியா? மும்பை சாலிலும், டெல்லி குடியிருப்புக் காலனியின் மூன்றாம் மாடியிலும், பெங்களூர் லைன் வீட்டிலும் ஒரு கட்டடத்துக்குள் ஆறு குடும்பம், பத்துக் குடும்பம் இருக்கிறது. வாசலில் ஒரு மீட்டர் சுற்றுகிறது. உள்ளே அறைக்கு ஒரு சப்-மீட்டர். சில இடங்களில் அதுவும் இல்லை. 'ஆளுக்கு இவ்வளவு' என்று வாய்க்கணக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. விழுப்புரத்திலோ சேலத்திலோ திருநெல்வேலியிலோ நாம் பூட்டிவிட்டு வந்த ஓட்டு வீட்டின் மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் இன்றும் காத்துக் கிடக்கிறது. அங்கே விளக்கேற்ற ஆள் இல்லை. இங்கே விளக்கேற்றுகிறோம், சலுகை இல்லை. ஊரில் கிடைக்க வேண்டியதை விட்டுவிட்டு வந்தோம். வந்த இடத்தில் கிடைக்க வேண்டியதை இன்னும் பெறவில்லை. இரண்டுங்கெட்டான் நிலை என்பது இதுதான்.

ரயில்வேயில் கணக்கெழுதிக் காலம் தள்ளுகிறவன் என்பதால், கணக்காகவே இதை வைக்கிறேன். வாசகர்கள் பென்சில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டெல்லியில் ஒரு கட்டடம். ஆறு அறை, ஆறு குடும்பம். ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டி.வி., கோடையில் ஒரு சின்னக் கூலர் என்று சராசரியாக ஒவ்வொரு குடும்பமும் மாதம் 60 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 யூனிட். டெல்லியின் 2021 கட்டண ஆணைப்படி முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 3 ரூபாய், அதற்கு மேல் 400 வரை யூனிட் நாலரை ரூபாய். நிலைக்கட்டணம், மேல்வரி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தின் விலையை மட்டும் பார்ப்போம். 200 யூனிட்டுக்கு 600 ரூபாய். மிச்சம் 160 யூனிட்டுக்கு 720 ரூபாய். ஆக 1,320 ரூபாய். 201 முதல் 400 யூனிட் வரை செலவழிக்கும் மீட்டருக்கு 800 ரூபாய் உச்சவரம்புக்குள் பாதி மானியம் உண்டு. பாதி போக வீட்டுக்காரர் கட்ட வேண்டியது 660 ரூபாய்.

அவர் வசூலிப்பது எவ்வளவு? யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் ஓர் அறைக்கு 480 ரூபாய். ஆறு அறைக்கு 2,880 ரூபாய். நிலைக்கட்டணமும் மேல்வரியும் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டாலும், கட்டுவதற்கும் வசூலிப்பதற்கும் உள்ள தூரம் கண்கூடு. அரசு ஏழைக்கென்று ஒதுக்கிய 660 ரூபாயும் வீட்டுக்காரர் பையில் விழுகிறது. ஏழை கொடுத்த ரூபாயும் அதே பையில் விழுகிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

அந்த ஆறு குடும்பங்களுக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால்? ஒவ்வொன்றும் 60 யூனிட். 200-க்கு வெகு கீழே. ஆறு பேருக்கும் பில் சைபர். அதாவது சட்டப்படி ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாத குடும்பம், வருஷத்துக்கு 5,760 ரூபாய் கொடுக்கிறது. கட்டட வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது எத்தனை நாள் கூலி என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு இரண்டும் அதில் அடங்கிவிடும்.

இதைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. அதே கட்டடத்தில் ஆறுக்குப் பதில் பத்துக் குடும்பம் இருந்தால் மீட்டர் 600 யூனிட் காட்டும். 400-ஐத் தாண்டிய மீட்டருக்கு மானியமே இல்லை. அரசின் ஏட்டில் அது ஏ.சி. வைத்த பணக்காரர் வீடு. ஆனால் உள்ளே இருப்பது பத்து அன்றாடங்காய்ச்சிக் குடும்பம். ஏழைகள் நெருங்கி நெருங்கிக் குடியிருக்கக் குடியிருக்க, ஏழைகளுக்கான மானியம் மறைந்துபோகிறது! குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து திட்டம் வகுத்தவர்கள் பத்துக்குப் பத்து அறையை எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெங்களூரில் கணக்கு வேறு, முடிவு ஒன்றுதான். கிருஹ ஜோதியில் 2022-23-ஆம் ஆண்டின் சராசரிச் செலவோடு 10 சதவீதம் சேர்த்து, அந்த அளவுக்குப் பில் இல்லை என்றார்கள். முந்தைய கணக்கில்லாத புதுக் குடித்தனத்துக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டோடு 10 சதவீதம் என்று 58 யூனிட் வைத்தார்கள். 200-ஐத் தாண்டினால் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் பதிவு செய்யலாம் என்று சொன்னது நல்ல காரியம், அதை வரவேற்கிறோம். ஆதாரையும் மீட்டரின் ஆர்.ஆர். நம்பரையும், அந்த முகவரியில் குடியிருக்கும் சான்றையும் காட்டினால் போதும். வீடு மாறினால் பழைய நம்பரிலிருந்து பெயரை விடுவித்துக்கொண்டு புது நம்பரில் சேர்த்துக்கொள்ளவும் பின்னர் வழி செய்தார்கள். ஆனால் நாலு குடும்பத்துக்கு ஒரே ஆர்.ஆர். நம்பர் இருக்கும் இடத்தில் ஒருவர்தானே பதிவு செய்ய முடியும்? நாலு குடும்பமும் சேர்ந்து 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த ஒருவருக்கும் இல்லை.

சரி, தனி மீட்டர் கேட்டால் கொடுப்பார்களா? வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் மின்சார அலுவலகத்தில் நம் மனுவைத் தொடக்கூட மாட்டார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணத்தை இன்றோடு விட்டொழிக்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஓர் இடத்தின் உரிமையாளரோ, அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின்சாரம் கொடுப்பது விநியோக நிறுவனத்தின் கடமை என்கிறது. குடியிருப்பவர் என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. மின்சாரம் அடிப்படை வசதி. வீட்டுக்காரர் ஆட்சேபணையின்மைக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும். இதுதான் தீர்ப்பின் சாரம். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2024-ல் திருத்தப்பட்ட பிறகு, முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் பெருநகரத்தில் 3 நாளில், நகராட்சியில் 7 நாளில், கிராமத்தில் 15 நாளில் இணைப்புத் தர வேண்டும்.

டெல்லியில் 2019 செப்டம்பரில் வாடகைதாரர்களுக்கென்றே ஒரு மீட்டர் திட்டம் அறிவிக்கப்பட்டது. வாடகை ஒப்பந்தம் அல்லது வாடகை ரசீது காட்டி, 3,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் ப்ரீபெய்டு மீட்டர். வீட்டுக்காரர் கடிதம் தேவையில்லை. மானியமும் உண்டு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது. பின் ஏன் நம் அறையில் மீட்டர் இல்லை? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பதே காரணம். வாடகை ரசீது வேண்டும் என்கிறது திட்டம். நமக்கு ரசீது கொடுக்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்? 11 மாத ஒப்பந்தம் என்பதே பல இடங்களில் வாய்வார்த்தைதான். 3,000 ரூபாயை ஒரே தவணையில் எடுத்து வைப்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு மலையைப் பெயர்ப்பது போன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அச்சம். "மீட்டர் கேட்டால் நாளைக்கே காலி செய்யச் சொல்வார். இந்த வாடகைக்கு வேறு அறை எங்கே கிடைக்கும்?" இந்த அச்சம் வீண் அச்சம் என்று எவரும் தள்ளிவிட முடியாது. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டும் வாய் திறக்க முடியாத நிலையில்தான் நம் மக்கள் இருக்கிறார்கள். தனியாள் கேட்டால் காலி. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால்? சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அடுப்பின் கதையும் இதேதான். 2016 மே 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் காஸ் இணைப்பு. இன்று 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. 14.2 கிலோ சிலிண்டருக்கு 2022 மே முதல் 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியம் தந்தார்கள். 12 சிலிண்டர் வரை இருந்த அந்த மானியத்தை 2025-26-ல் 9 சிலிண்டராகக் குறைத்தார்கள். மற்ற குடும்பங்களுக்கு 2020-ல் நின்றுபோன மானியம் நின்றதுதான். இன்னொரு பக்கம், ஏழையின் பழைய துணையான ரேஷன் மண்ணெண்ணெயின் விலையை 2016 முதல் சிறுகச் சிறுக ஏற்றி, 2020-ல் மத்திய மானியத்தை அடியோடு ஒழித்தார்கள்.

ஆகவே காஸ் மானியத்தைப் பெறாதவருக்கு வேறு போக்கிடம் இல்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ வேண்டாம், தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கட்ட உஜ்வலா சொன்னது. இந்த ஒரு வரி நமக்காகவே எழுதப்பட்ட வரி. ஆனால் ஏஜென்சியின் கவுண்டரில் போய் நின்றால், "ரேஷன் கார்டு எங்கே, வீட்டு விலாசம் எங்கே?" என்ற பழைய பல்லவியே பல இடங்களில் காதில் விழுகிறது. ஆண்கள் மட்டும் சேர்ந்து தங்கிச் சமைக்கும் அறைகளுக்கோ, பெண் பெயரில்தான் இணைப்பு என்பதால் வாசலே அடைப்பு. இப்படி விடுபட்டவர்கள் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும் 5 கிலோ சின்ன சிலிண்டரை வாங்குகிறார்கள். அதற்கு முகவரி வேண்டாம். மானியமும் கிடையாது. கிலோக் கணக்கில் பார்த்தால் பெரிய சிலிண்டரைவிட விலை அதிகம். கையில் காசில்லாதவன் அதிக விலைக்கு வாங்குகிறான். அதற்கும் வக்கில்லாதவன் தெருவோரத்தில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டரை வாங்கிவந்து, அது வெடிக்காமலிருக்க வேண்டுமென்று குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்கிறான்.

இதில் ரூபாயைத் தாண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. 2025 ஜூன் 1-ஆம் தேதி டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடந்த இடிப்பு அது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் வாழ்ந்த சுமார் 370 வீடுகளில், ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள்தான் தொலைவிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை என்று முதலில் கணக்கிட்டார்கள். டெல்லியின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று ஆவணம் காட்ட வேண்டும். அந்த ஆவணப் பட்டியலில் மின்சார பில்லும் ஒன்று. தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பிலும் மின்சார பில் கேட்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். நம் பெயரில் மாதா மாதம் வருகிற பில், பணம் கட்டச் சொல்லும் காகிதம் மட்டும்தானா? இந்த நகரத்தில், இந்தத் தெருவில், இந்தத் தேதியில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கு அது அரசாங்க முத்திரையிட்ட சாட்சி. வீட்டுக்காரரிடம் துண்டுச் சீட்டில் கணக்கெழுதி 20 வருஷம் பணம் கொடுத்தாலும், நாளை புல்டோசர் வந்து நிற்கும்போது நம் கையில் காட்ட ஒரு காகிதம் இராது. மாதம் 480 ரூபாயை இழக்கிறோம் என்பது ஒரு நஷ்டம். வாழ்ந்த தடத்தையே இழக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இதையெல்லாம் சொன்னால் சில கனவான்கள், "எல்லாமே இலவசமா? நாடு உருப்படுமா?" என்று கேட்கிறார்கள். 2022 ஜூலையில் பிரதமரே இலவசங்களை 'ரேவடி' மிட்டாய் பங்கிடும் கலாசாரம் என்று குறிப்பிட்டார். அந்த வாதத்தில் இறங்க இங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். டெல்லியிலும் பெங்களூரிலும் அந்தப் பணம் ஏற்கெனவே கஜானாவிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒரு ரூபாய் கொடுங்கள் என்று கேட்கும் முன்பு, கொடுத்த ரூபாய் உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும் என்கிறோம். சொந்த மாடி வீட்டுக்காரரின் 200 யூனிட் இலவசமாக இருக்கலாம், அவர் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் கொத்தனாரின் 60 யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாயா? எந்தப் பொருளாதார சாஸ்திரத்தில் இதற்கு நியாயம் எழுதியிருக்கிறது?

"வேற்று மாநிலத்தார் பில்லை எங்கள் மாநிலம் ஏன் ஏற்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நகரத்தின் மெட்ரோத் தூணை நட்டவர்கள், சாக்கடையை வாரியவர்கள், இட்லிக் கடையில் விடியற்காலம் அடுப்பு மூட்டியவர்கள் யார்? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் கொடுக்கும் வரி இந்த மாநிலக் கஜானாவுக்கும் போகிறதே! ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருப்பதை மறுப்பதற்கில்லை. 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2022 ஜூனுக்குள் நாடு முழுவதும் வந்த ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில், ஊர் ரேஷன் கார்டைக் காட்டி இங்கே அரிசி வாங்குகிறோம். அந்த அரிசி மத்திய அரசுடையது. மின்சார மானியமோ அந்தந்த மாநிலத்தின் சொந்தப் பணம். ஆகவே, மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர் குடும்பங்களின் பங்கை மத்திய அரசு ஏற்க வேண்டும். அரிசி ரயிலேறி நம்மைத் தேடி வரும்போது, வெளிச்சம் மட்டும் ஏன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட வேண்டும்?

இனி, சற்றுக் கசப்பான ஒரு விஷயம். வெளியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் வந்து, உழைத்து, ஓர் இடம் பிடித்து, மேலே இரண்டு மாடி எழுப்பிய நம்மவரே இன்று பல இடங்களில் வீட்டுக்காரர். கீழ் அறையில் இருப்பவரும் நம் தாலுக்காக்காரர்தான். அவர் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, இந்த மாசம் மீட்டர் ரொம்ப ஓடியிருக்கே?" என்று கேட்டால், "கட்டுப்படி ஆகலைன்னா வேற இடம் பாருப்பா" என்று பதில் வருகிறது. பொங்கல் விழாவுக்கு முதல் நன்கொடை தரும் கை அது. சங்கத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த கை அது. அந்தக் கையே ஏழையின் 60 யூனிட்டில் லாபம் பார்க்கலாமா?

அண்ணாச்சிமார்களே, அறை கட்டினீர்கள், வாடகை வாங்குங்கள். அது உங்கள் உழைப்பின் பலன். மின்சாரத்தை விற்று லாபம் பார்ப்பது வேறு. உரிமம் இல்லாதவர் மின்சார வியாபாரம் செய்ய 2003 சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் தரவில்லை. "வாடகைக்காரன் பெயரில் மீட்டர் போனால் நாளை வீட்டையே சொந்தம் என்பான்" என்று அஞ்ச வேண்டாம். மின்சார பில் குடியிருப்புக்குச் சாட்சியாகுமே தவிர, வீட்டுப் பத்திரம் ஆகிவிடாது. கூடவே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பத்துக் குடும்பமும் ஒரே மீட்டரில் தொங்குவதால் உங்கள் சொந்த வீட்டுக்கான 200 யூனிட்டும் போகிறது. தனி மீட்டர் வந்தால் உங்களுக்கும் லாபமே.

மத்திய, மாநில அரசுகளின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. குடியிருப்பவர் கேட்டால் மீட்டர் என்ற 43-ஆவது பிரிவை ஒவ்வொரு மின்சார அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் உள்ளூர் மொழியோடு தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். ரசீது இல்லாதவர்களுக்கு வேறு சான்றையும், நேரில் வந்து பார்க்கும் விசாரணையையும் ஏற்க வேண்டும். டெபாசிட்டைத் தவணையில் வாங்க வேண்டும்.

2. தனி மீட்டர் வைக்கவே இயலாத கட்டடங்களில், மொத்த யூனிட்டைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதன்பின் கட்டணப் படியையும் மானியத்தையும் கணக்கிட வேண்டும்.

3. சப்-மீட்டருக்கு வீட்டுக்காரர் வாங்கும் விலை, விநியோக நிறுவனம் அவரிடம் வாங்கும் விலையைத் தாண்டக் கூடாது. பில்லின் நகலை வாசலில் ஒட்ட வேண்டும்.

4. மின்சார மானியம் ரேஷனைப் போல் குடும்பத்தோடு வர வேண்டும். இரண்டு இடத்தில் வாங்குவார்கள் என்று அஞ்சினால், எந்த இடத்தில் வேண்டும் என்பதைக் குடும்பமே எழுதிக் கொடுக்கட்டும். ஊரில் வயதான பெற்றோர் தனியே வாழ்ந்தால் அது தனிக் குடும்பம் என்று கொள்ள வேண்டும்.

5. உஜ்வலாவில் புலம்பெயர்ந்தோர் தரும் உறுதிமொழியை ஏற்க மறுக்கும் ஏஜென்சிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் வாங்கும் தொழிலாளிக்கும் கிலோக் கணக்கில் அதே மானியம் தர வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டிக் காத்திருப்பதா? கூடாது. இந்த மாதமே நாம் செய்யக்கூடியவை உண்டு. வாடகை கொடுக்கும்போது ஒரு நோட்டில் தேதி, தொகை, யூனிட் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால், முடிந்தவரை பணத்தை வங்கி வழியாகவோ போன் வழியாகவோ அனுப்புங்கள். அதன் பதிவு நிற்கும். வாசல் மீட்டரின் எண்ணையும், உங்கள் சப்-மீட்டர் காட்டும் யூனிட்டையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் அந்த வேலையை ஒப்படைத்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று. பெங்களூரில் இருப்பவர்கள் ஆர்.ஆர். நம்பரைக் குறித்துக்கொண்டு, அந்த நம்பரில் யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். வீடு மாறும்போது பழைய நம்பரிலிருந்து உங்கள் ஆதாரை விடுவிக்க மறவாதீர்கள். கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். உயிருக்கும் ஆபத்து, 135-ஆவது பிரிவில் வழக்கும் வரும்.

மீட்டர் கேட்ட மனுவை மின்சார அலுவலகம் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், சட்டத்தின் 42-ஆவது பிரிவின்கீழ் ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம் வைத்திருக்க வேண்டும். அங்கே வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். மீட்டர் கேட்டதற்காக வீட்டுக்காரர் ஃப்யூஸைப் பிடுங்கினால் அஞ்ச வேண்டாம். வாடகைதாரரின் அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பதை மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடுக்கிறது. டெல்லியில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு தடுக்கிறது, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால்.

இவற்றையெல்லாம் ஒருவராகச் செய்தால் பயம். ஒரு கட்டடத்தில் ஆறு குடும்பமும் ஒரே நாளில், ஒரே மாதிரி மனுவில், வரிசையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் யாரைக் காலி செய்யச் சொல்வார்கள்? ஆறு அறையும் ஒரே நாளில் காலியானால் நஷ்டம் யாருக்கு? ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் தன் பகுதியில் எத்தனை கட்டடம், எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், யூனிட்டுக்கு என்ன விலை என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். மாதர் குழுவினரே இந்தப் பணிக்குத் தலைமை ஏற்பது நல்லது. பகலில் வீட்டிலிருப்பவரும் அவர்களே, அடுப்பின் கணக்கும் விளக்கின் கணக்கும் அறிந்தவரும் அவர்களே.

வாடகைதாரர், அயல் மாநிலத்தார், விலாசம் இல்லாதவர் என்று எந்தப் பெயர் சொல்லி ஒதுக்கினாலும், மாலையில் நம் அறையிலும் விளக்கு எரியத்தான் செய்கிறது. அந்த விளக்குக்கு அரசு ஒதுக்கிய காசு நம்முடையது. கேட்போம். ஒன்றாகக் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.